வரலாற்றுச் சரக்குப் பெட்டி மாதிரியாக்கம்

வரலாற்றுச் சரக்குப் பெட்டி மாதிரியாக்கம் என்பது, கடந்த காலத்தில் இருப்புப்பாதைகளில் ஓடிய சரக்குப் பெட்டிகளை, அவற்றின் வடிவம், நிறம், மேலே எழுதப்பட்ட எழுத்துகள் ஆகியவை ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்தவாறே சிறிய அளவில் செய்யும் கலை ஆகும். இது மாதிரித் தொடர்வண்டிப் பொழுதுபோக்கின் ஒரு பிரிவு. ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இப்பிரிவு பெரிதும் வளர்ச்சி அடைந்துள்ளது. இக்கட்டுரை வட அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளைப் பற்றியது.

சரக்குப் பெட்டியின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துகள் அலங்காரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. உரிமையாளர் யார், எவ்வளவு சுமை ஏற்றலாம், பெட்டி எப்போது கட்டப்பட்டது, கடைசியாக எப்போது எடை போடப்பட்டது, பிரேக் எப்போது சோதிக்கப்பட்டது போன்ற செய்திகளை அவை தருகின்றன. இவற்றுள் பல, பெட்டியின் வாழ்நாளில் மீண்டும் மீண்டும் அழித்து எழுதப்பட்டவை. ஆகவே துல்லியமான மாதிரி ஒன்று "எந்தப் பெட்டி?" என்ற கேள்விக்கு மட்டுமன்றி, "எந்த ஆண்டில்?" என்ற கேள்விக்கும் விடை தர வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

வட அமெரிக்க இருப்புப்பாதைகள் பல தனியார் நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருந்தன. ஒரு நிறுவனத்தின் பெட்டி சரக்குடன் மற்றொரு நிறுவனத்தின் பாதையில் செல்வது வழக்கம். இது பெட்டிப் பரிமாற்றம் எனப்படும். வேறொருவரின் பெட்டியைத் தன் பாதையில் ஏற்கும் நிறுவனம், அப்பெட்டி யாருடையது, பாதுகாப்பானதா, எவ்வளவு சுமை தாங்கும் என்பவற்றைப் பார்த்த உடனேயே அறிய வேண்டியிருந்தது. பெட்டிகளின் மேல் இத்தனை எழுத்துகள் இடம்பெற்றதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

1867 இல் தோன்றிய பெட்டி கட்டுநர் சங்கம் பரிமாற்றத்துக்கான பொது விதிகளை வகுத்தது. 1893 ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கருவிச் சட்டம் தானியங்கி இணைப்பிகளையும் காற்றுப் பிரேக்கையும் கட்டாயமாக்கியது. முதல் உலகப் போரின்போது, 1917 திசம்பர் முதல் 1920 மார்ச்சு வரை, ஐக்கிய அமெரிக்க அரசு இருப்புப்பாதைகளைத் தன் நிருவாகத்தில் வைத்திருந்தது. அக்காலத்தில் பொது வரைபடங்களின்படி ஏறத்தாழ 1,00,000 சரக்குப் பெட்டிகள் கட்ட ஆணையிடப்பட்டது. 1934 இல் அமெரிக்க இருப்புப்பாதைகள் சங்கம் உருவானது. இச்சங்கம் 1937 இல் வெளியிட்ட 40 அடி நீள எஃகு மூடுபெட்டி வடிவமைப்பைப் பல நிறுவனங்கள் பின்பற்றின. 1947 இல் புல்மன்-இசுடாண்டர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய பிஎஸ்-1 வகை மூடுபெட்டி, 1,00,000 க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது.

மாதிரியாக்கத்தின் வரலாறு இதைவிடக் குறுகியது. மாடல் இரெயில்ரோடர் இதழ் 1934 இலும், தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் 1935 இல் மில்வாக்கி நகரிலும் தொடங்கப்பட்டன. தொடக்க கால நெகிழி மாதிரிகளில், ஒரே அச்சில் வார்த்த பெட்டிக்குப் பல நிறுவனங்களின் நிறமும் எழுத்தும் பூசி விற்பது வழக்கமாக இருந்தது. அந்நிறுவனங்களிடம் அவ்வகைப் பெட்டி இருந்ததா என்பது பெரிதாகக் கருதப்படவில்லை. 1980களில் சிறு தொழில்முனைவோர் பிசின் வார்ப்புத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கினர். அதன் பிறகு, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் குறிப்பிட்ட ஒரு வகைப் பெட்டியை அப்படியே செய்வது எளிதானது. 1990கள் முதல் நெகிழி மாதிரிகளின் துல்லியமும் உயர்ந்தது.

அளவுவிகிதங்கள்

வட அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் அளவுவிகிதங்கள் வருமாறு:

* ஓ - 1:48
* எஸ் - 1:64
* எச்ஓ - 1:87.1 (1 அடிக்கு 3.5 மில்லிமீட்டர்)
* என் - 1:160

இவற்றுள் எச்ஓ மிகவும் பரவலானது. இதில் 40 அடி நீளமுள்ள பெட்டி 140 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. மூலப் பெட்டியில் 9 அங்குல உயரமுள்ள எழுத்து 2.6 மில்லிமீட்டராகவும், 4 அங்குல எழுத்து 1.2 மில்லிமீட்டராகவும், 1 அங்குல எழுத்து 0.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் அமையும். கடைசி வகை எழுத்தை உருப்பெருக்கி இன்றிப் படிப்பது கடினம். ஆயினும் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் பெட்டி வெறுமையாகத் தோன்றும்.

சில உறுப்புகளை முழுத் துல்லியத்துடன் சுருக்க இயலாது. முக்கால் அங்குலத் தடிப்புள்ள கைப்பிடிக் கம்பி எச்ஓ அளவில் 0.22 மில்லிமீட்டர் ஆகும். கையாளும்போது வளையாமல் இருப்பதற்காகப் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் கம்பி பயன்படுத்தப்படுகிறது. வழக்கமான மாதிரிச் சக்கரத்தின் அகலம் 0.110 அங்குலம். இதை 87 மடங்கு பெருக்கினால் 9 அங்குலத்துக்கு மேல் வரும். உண்மைச் சக்கரத்தின் அகலம் ஐந்தரை அங்குலத்தை ஒட்டியதே. ஆகவே துல்லியம் விரும்புவோர் 0.088 அல்லது 0.064 அங்குல அகலச் சக்கரங்களைப் பொருத்துகின்றனர். மாதிரி தடம் புரளாமல் ஓடுவதற்கு உரிய எடையும் தேவை. எச்ஓ பெட்டிக்கு 1 அவுன்சு அடிப்படை எடையும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கத்தின் பரிந்துரை ஆகும்.

எழுத்துப்பொறிப்பின் கூறுகள்

அடையாளக் குறியும் எண்ணும்

ஒவ்வொரு பெட்டிக்கும் உரிமையாளரைக் காட்டும் அடையாளக் குறியும் அதையடுத்து ஓர் எண்ணும் உண்டு. குறி நான்கு எழுத்துகளுக்கு மேற்படாது. எண் ஆறு இலக்கங்களுக்கு மேற்படாது. குறியின் இறுதியில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால், அப்பெட்டி இருப்புப்பாதை நிறுவனம் அல்லாத தனியாருக்கு உரியது. எண்ணைக் கொண்டு பெட்டி எந்தத் தொடரில், எந்த வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்பதை அறியலாம். ஆகவே மாதிரியின் வடிவத்துக்குப் பொருந்தாத எண்ணைப் பொறிப்பது அடிப்படைப் பிழை ஆகும்.

எடைத் தரவுகள்

இடப்புறத்தில், எண்ணுக்குக் கீழே, மூன்று வரிகள் பவுண்டுகளில் எழுதப்பட்டன.

* ஏற்றளவு - பெட்டி பெயரளவில் ஏற்கும் சுமை
* சுமை வரம்பு - ஏற்றக்கூடிய மிகக் கூடிய சுமை
* வெற்று எடை - சரக்கு இல்லாத பெட்டியின் எடை

இவற்றுள் பின்னிரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. பெட்டியும் சரக்கும் சேர்ந்து தண்டவாளத்தின் மீது செலுத்தும் மொத்த எடைக்கு, அச்சுகளின் அளவைப் பொறுத்து ஒரு வரம்பு உண்டு. 50 டன் வகைப் பெட்டிகளுக்கு இவ்வரம்பு நீண்ட காலம் 1,69,000 பவுண்டாக இருந்தது. இவ்வகைப் பெட்டியின் வெற்று எடை 45,200 பவுண்டு எனில், சுமை வரம்பு 1,23,800 பவுண்டு ஆகும். மீண்டும் எடை போட்டபோது வெற்று எடை 45,700 ஆனால், வரம்பு 1,23,300 ஆகக் குறையும். எனவே அக்கால 50 டன் பெட்டியில் இவ்விரு எண்களின் கூட்டுத்தொகை 1,69,000 வர வேண்டும். மாதிரியின் எழுத்துகளைச் சரிபார்க்க இது எளிய வழி. சுமை வரம்புக்கு முன் விண்மீன் குறி உள்ள பெட்டிகள் இதற்கு விதிவிலக்கு. அவற்றின் கட்டமைப்பு காரணமாக வரம்பு மேலும் குறைக்கப்பட்டிருக்கும்.

தேதிகள்

புதிய பெட்டியின் வெற்று எடைக்கு அருகில் "புதியது" என்ற பொருள் தரும் சொல்லும், கட்டப்பட்ட மாதமும் ஆண்டும் எழுதப்பட்டன. மரப் பாகங்கள் உலர்வதாலும், பழுதுபார்ப்பினாலும் எடை மாறும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெட்டி மீண்டும் எடை போடப்பட்டது. அப்போது "புதியது" என்ற சொல் அழிக்கப்பட்டு, எடை போட்ட நிலையத்தின் குறியும் புதிய தேதியும் எழுதப்பட்டன. பழைய எழுத்தின் மேல் புதிய வண்ணம் பூசி எழுதியதால், மங்கிய சுவரில் அவ்விடம் மட்டும் சிறு கட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. இவை தவிர, பிரேக் கருவியைத் துப்புரவு செய்து சோதித்த தேதியும், அச்சுத் தாங்கிகளில் எண்ணெய் ஊறிய பஞ்சை மாற்றிய தேதியும் சிறு எழுத்துகளில் இடம்பெற்றன.

பரிமாணங்களும் வகைக் குறியும்

மூடுபெட்டியின் வலப்புறத்தில் உள் நீளம், உள் அகலம், உள் உயரம், கனஅடிக் கொள்ளளவு முதலியன எழுதப்பட்டன. வகைக் குறிகளும் வழக்கில் இருந்தன. பொதுப் பயன்பாட்டு மூடுபெட்டிக்கு எக்ஸ்எம், பனிக்கட்டியால் குளிரூட்டப்படும் பெட்டிக்கு ஆர்எஸ் என்பன எடுத்துக்காட்டுகள்.

சின்னங்களும் முழக்கங்களும்

பென்சில்வேனியா இருப்புப்பாதையின் வளைவுத்தலைக் கல், பால்ட்டிமோர்-ஓகையோ இருப்புப்பாதையின் நாடாளுமன்றக் கட்டடக் குவிமாடம், கிரேட் நார்தர்ன் இருப்புப்பாதையின் மலையாடு ஆகியவை நன்கு அறியப்பட்ட சின்னங்கள். சில நிறுவனங்களின் பெட்டிகளில் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1940களில் சாண்டா ஃபே நிறுவனத்தின் மூடுபெட்டிகளில் ஒரு பக்கம் அந்நிறுவனப் பாதைகளின் வரைபடமும், மறுபக்கம் அதன் பயணிகள் தொடர்வண்டி ஒன்றின் பெயருடன் கூடிய முழக்கமும் எழுதப்பட்டன. ஒரு பக்க ஒளிப்படத்தை மட்டும் கொண்டு மாதிரி செய்வோர் இங்குத் தவறிவிட வாய்ப்புண்டு.

குத்தகைக்கு விடப்பட்ட குளிர்பெட்டிகளில் இறைச்சி, பால்பொருள், மது நிறுவனங்களின் வண்ணமயமான விளம்பரங்கள் ஒரு காலத்தில் இடம்பெற்றன. மாநிலங்களிடை வணிக ஆணையம் 1934 இல் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, இவை 1930களின் பிற்பகுதியில் மறைந்தன. ஆயினும் கண்ணைக் கவர்வதால், பிற்காலத்தைச் சித்திரிக்கும் மாதிரி அமைப்புகளிலும் இவை அடிக்கடி காணப்படுகின்றன.

காலத்தைக் காட்டும் கூறுகள்

எழுத்துகளும் இயந்திரப் பாகங்களும் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். பின்வரும் மாற்றங்கள் காலத்தைக் கணிக்க உதவுகின்றன.

* 1933 - புதிய பெட்டிகளில் பழைய கே வகைப் பிரேக்குக்கு மாற்றாக ஏபி வகைப் பிரேக் கட்டாயமானது. கே வகை 1953 இல் பரிமாற்றத்திலிருந்து விலக்கப்பட்டது.
* 1940களின் தொடக்கம் - பட்டைக் கம்பிகளை ஆணியால் முடுக்கிச் செய்த பழைய வகைச் சக்கரச் சட்டகங்கள் பரிமாற்றத்திலிருந்து விலக்கப்பட்டன.
* 1940களின் நடுப்பகுதி - புதிய பெட்டிகளில் மரத்தாலான கூரை நடைபலகைக்கு மாற்றாக எஃகு நடைபலகை வந்தது.
* 1950கள் - அடையாளக் குறிக்கு மேலும் எண்ணுக்குக் கீழும் இடப்பட்ட கோடுகள் கைவிடப்பட்டன.
* 1966 - இவ்வாண்டுக்குப் பின் புதிய பெட்டிகள் கூரை நடைபலகை இல்லாமல் கட்டப்பட்டன. பழைய பெட்டிகளிலிருந்தும் அவை படிப்படியாக அகற்றப்பட்டன.
* 1967 - ஒளியியல் கருவி படிக்கும் வண்ணப் பட்டைத் தகடுகள் அறிமுகமாயின. அழுக்குப் படிந்தால் படிக்க இயலாமை உள்ளிட்ட காரணங்களால் 1977 இல் இம்முறை கைவிடப்பட்டது.
* 1970கள் - பராமரிப்புத் தேதிகள் வெள்ளைக் கோட்டுக்குள் அமைந்த கருப்புக் கட்டத்தில் தொகுத்து எழுதப்பட்டன.
* 1978 - உடையும் அபாயமுள்ள ஒரு வகைச் சக்கரத்தைக் கண்டறிய எல்லாப் பெட்டிகளும் சோதிக்கப்பட்டன. அவ்வகைச் சக்கரம் இல்லாதவற்றில் கருப்புச் சதுரத்தில் மஞ்சள் புள்ளியும், உள்ளவற்றில் வெள்ளைப் புள்ளியும் இடப்பட்டன.

எடுத்துக்காட்டாக, 1941 மார்ச்சில் கட்டப்பட்ட மூடுபெட்டி ஒன்றை 1948 இல் இருந்தவாறு செய்வதாகக் கொள்வோம். அதில் ஏபி பிரேக் இருக்க வேண்டும். கூரை நடைபலகை மரத்தாலானதாக இருக்கலாம். கட்டிய தேதி 1941 என்றே இருக்கும். ஆனால் எடைக்கு அருகில் "புதியது 3-41" என்று இருந்தால் அது பிழை. அங்கு 1940களின் நடுப்பகுதி அல்லது அதற்குப் பிந்திய மறு எடைத் தேதி இருக்க வேண்டும். வண்ணப் பட்டைத் தகடும், கருப்புக் கட்டமும், மஞ்சள் புள்ளியும் இருக்கலாகாது.

நிறம்

பெரும்பாலான மூடுபெட்டிகள் இரும்பு ஆக்சைடு கலந்த செம்பழுப்பு வண்ணம் பூசப்பட்டவை. இது மலிவானது, நீடித்து உழைப்பது. ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே செம்பழுப்பு இருந்ததில்லை. ஒரே நிறுவனத்திலும் ஆண்டுதோறும் வேறுபாடு இருந்தது. வெயிலும் புகையும் நிறத்தை மேலும் மாற்றின.

ஒளிப்படங்கள் இதில் முழுமையாக உதவுவதில்லை. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராது. ஆகவே செம்பழுப்புப் பெட்டி அதில் கருமையாகத் தோன்றும். கோடாகுரோம் வண்ணப் படச்சுருள் 1935 இல் தான் விற்பனைக்கு வந்தது. ஜாக் டெலானோ 1942-43 குளிர்காலத்தில் சிகாகோ பகுதியிலும், 1943 மார்ச்சில் சாண்டா ஃபே பாதையிலும் அரசுக்காக எடுத்த வண்ணப் படங்கள் இத்துறையில் பெரிதும் மதிக்கப்படுகின்றன. இவை ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

சான்றுகள்

துல்லியமான மாதிரிக்குப் பயன்படும் முதன்மைச் சான்றுகள் பின்வருமாறு:

* கட்டுநர் ஒளிப்படங்கள் - பெட்டி தொழிற்சாலையை விட்டு வெளிவரும் நாளில் எடுக்கப்பட்டவை. எழுத்துகள் தெளிவாகத் தெரியும். ஆனால் இவை முதல் நாளின் நிலையை மட்டுமே காட்டும்.
* களப் படங்கள் - பணியில் இருந்தபோது எடுக்கப்பட்டவை. அழுக்கு, பழுதுபார்ப்பு, மறு எடைத் தேதி ஆகியவற்றை இவற்றில் காணலாம்.
* பெட்டி கட்டுநர் கலைக்களஞ்சியம் - 1879 இல் அகராதியாகத் தொடங்கிய தொழில்நுட்ப நூல் வரிசை. வரைபடங்கள் கொண்டது.
* இருப்புப்பாதைச் சாதனப் பதிவேடு - எந்த எண் தொடரில் எத்தனை பெட்டிகள், என்ன அளவில் இருந்தன என்பதைக் காட்டும் பருவ வெளியீடு. 1885 முதல் வெளிவந்தது.
* நிறுவன வரைபடங்கள் - வண்ணம், எழுத்து ஆகியவற்றின் இடங்களை அங்குலக் கணக்கில் தருபவை.

இவற்றுள் எதுவும் தனித்து நிறைவானதன்று. எழுத்து வரைபடம் செய்ய வேண்டியதைக் கூறுகிறது. ஒளிப்படம் செய்யப்பட்டதைக் காட்டுகிறது. இரண்டும் முரண்பட்டால், அந்தப் பெட்டியின் தேதியிட்ட ஒளிப்படமே ஏற்கப்படுகிறது.

பென்சில்வேனியா இருப்புப்பாதையின் எக்ஸ்29 வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1924 முதல் ஏறத்தாழ 30,000 பெட்டிகள் இவ்வகையில் கட்டப்பட்டன. தொடக்கப் பெட்டிகளின் முனைச் சுவர் தட்டையானது. பிற்காலத்தவற்றின் முனைச் சுவர் வரிப்புடைப்புகள் கொண்டது. கதவுகளும் வேறுபட்டன. ஆண்டுகள் செல்லச் செல்லப் பக்கச் சுவரின் அடிப்பகுதி துருப்பிடித்ததால், பல பெட்டிகளில் ஒட்டுத் தகடுகள் பொருத்தப்பட்டன. வகைப் பெயரை மட்டும் நம்பிச் செய்தால் இவ்வேறுபாடுகள் விடுபட்டுவிடும்.

எழுத்துப் பொறிக்கும் முறை

உண்மைப் பெட்டிகளில் துளைத் தகட்டை வைத்து வண்ணம் பூசி எழுத்துகள் இடப்பட்டன. மாதிரிகளில் டெக்கால் எனப்படும் ஒட்டுப்படலம் பயன்படுகிறது. இதன் படிநிலைகள் வருமாறு:

1. பெட்டியின் மீது பளபளப்பான பூச்சு இடப்படுகிறது. சொரசொரப்பான பரப்பில் படலத்தின் அடியில் காற்றுச் சிக்கி, வெள்ளித் திட்டாகத் தோன்றும்.
2. எழுத்தை ஒட்டிப் படலம் வெட்டப்பட்டு, நீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவவிடப்படுகிறது.
3. இடம் சரிபார்த்த பின், படலத்தை மென்மையாக்கும் கரைசல் தடவப்படுகிறது. இதனால் படலம் தறையாணித் தலைகள், பலகை இடுக்குகள் ஆகியவற்றின் மீது படிகிறது.
4. எஞ்சிய குமிழ்கள் ஊசியால் குத்தப்பட்டு, கரைசல் மீண்டும் தடவப்படுகிறது.
5. உலர்ந்தபின் பளபளப்பற்ற பூச்சு இடப்படுகிறது.

எழுத்துகள் பெரும்பாலும் வெள்ளை என்பதால், வீட்டிலுள்ள சாதாரண அச்சுப்பொறியால் இவற்றை அச்சிட இயலாது. அச்சுப்பொறி தாளின் வெண்மையையே வெள்ளையாகக் கொள்கிறது. ஒட்டுப்படலத்துக்கு வெள்ளை மையே தேவை. இருப்புப்பாதை நிறுவனங்களின் எழுத்துருக்கள் பொதுக் கணினி எழுத்துருக்களிலிருந்து வேறுபட்டவை என்பதால், வரைபடத்திலிருந்தோ ஒளிப்படத்திலிருந்தோ எழுத்துகள் தனித்தனியே வரையப்படுகின்றன.

இறுதியாக, பெட்டி பணியில் இருந்த ஆண்டுகளுக்கு ஏற்பத் தூசு, புகைக்கரி, துரு ஆகியவை வண்ணத்தால் காட்டப்படுகின்றன. மறு எடை எழுதிய கட்டத்தை அழுக்குப் பூச்சுக்குப் பின் இடுவதே முறை.

பெட்டித் தொகுதியின் கலவை

ஒவ்வொரு பெட்டியும் சரியாக இருந்தாலும், தொடர்வண்டி முழுவதும் தவறாக அமையக்கூடும். கில்பர்ட்-நெல்சன் கருதுகோளின்படி, பரிமாற்றத்தில் இருந்த பொது மூடுபெட்டிகள் நாடு முழுவதும் கலந்து ஓடின. ஆகவே ஒரு பாதையில் காணப்படும் வெளி நிறுவன மூடுபெட்டிகளின் விகிதம், நாட்டின் மொத்த மூடுபெட்டிகளில் அந்நிறுவனங்களின் விகிதத்தை ஒத்திருக்கும். இதன்படி, பெரிய உடைமையாளர்களான பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் நிறுவனங்களின் பெட்டிகள் மேற்குக் கடற்கரைத் தொடர்வண்டியிலும் கணிசமாக இருக்க வேண்டும். நிலக்கரிப் பெட்டி, குளிர்பெட்டி, தொட்டிப் பெட்டி ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவை குறிப்பிட்ட சரக்கும் வழித்தடமும் சார்ந்து ஓடின.

முக்கியத்துவம்

1940களில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 20 இலட்சம் சரக்குப் பெட்டிகள் பணியில் இருந்தன. அவற்றுள் மிகச் சிலவே அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன. பயணிகள் தொடர்வண்டிகளையும் நீராவிப் பொறிகளையும் பாதுகாப்பதில் காட்டப்பட்ட அக்கறை, சரக்குப் பெட்டிகளுக்குக் கிட்டவில்லை. பாதுகாக்கப்பட்டவற்றிலும், மறுவண்ணம் பூசும்போது பழைய எழுத்துகள் அழிந்துபோவதுண்டு. இந்நிலையில், பழைய ஒளிப்படங்களைத் திரட்டி, எண் தொடர்களை ஒப்பிட்டு ஆர்வலர்கள் உருவாக்கிய பதிவுகள் தொழில்நுட்ப வரலாற்றுக்கும் சான்றாகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தவறான எழுத்துடன் விற்பனையான மாதிரியைப் பார்த்து மற்றொருவர் செய்யும்போது, பிழை உண்மைபோல் பரவுகிறது. அதனால் இன்னொரு மாதிரியைச் சான்றாகக் கொள்ளாமல், மூலப் பெட்டியின் தேதியிட்ட ஒளிப்படத்தையே சான்றாகக் கொள்வது இத்துறையின் முதல் விதியாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* மாதிரித் தொடர்வண்டி
* சரக்குப் போக்குவரத்து
* காற்றுப் பிரேக்